காராங்குனிக்குப் போகக் காத்திருக்கும் 11 பெட்டிகள்: நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அன்பளிப்பாக வந்து சேர்ந்த தமிழ்ச் சித்திரக்கதை இதழ்கள் 11 பெட்டிகளையும் மாத இறுதியில் பழைய தாளாக, சிங்கப்பூரில் காராங்குனி என்று நாம் சொல்லும் பழைய சாமான் வாங்குபவரிடம், கழித்துவிடப் போவதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தோம். அவற்றுள் பார்வைக்கு நன்றாக இருப்பவற்றை மட்டும் எடுத்து, பத்துப் பத்தாகச் சேர்த்து பைண்டு செய்து, அட்டைக்கு லேமினேஷன் போட்டு, சிறுவர் பகுதியில் வைக்கப் போகிறீர்களாம். மூன்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். மறுபதிப்புகள் வந்துவிட்டன, பூஞ்சையும் பூச்சியும் பிடித்திருக்கின்றன, ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் எண் இல்லாததால் பட்டியலில் ஏற்ற முடியவில்லை.

மூன்றையும் நாங்கள் ஏற்கவில்லை. கழிக்கப்போகும் இதழ்களைவிட, காப்பாற்றப்போவதாகச் சொல்லும் இதழ்களை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறோம்.

மறுபதிப்பு இருக்கிறதே என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நாவலுக்கு அது ஓரளவு பொருந்தும். சித்திரக்கதைக்குப் பொருந்தாது. இரும்புக்கை மாயாவியையே பாருங்கள். 1962 அக்டோபரில் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் பார்சிலோனாவில் பிறந்த ஹேசூஸ் பிளாஸ்கோ. அகன்ற வார இதழ்ப் பக்கத்துக்காக அடுக்கிய கட்டங்கள். பத்தாண்டு கழித்து, 1972-ல், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக அது தமிழுக்கு வந்தது. அந்தக் காலத்தில் பெரிய பக்கத்துக் கதைகளைச் சிறிய இதழுக்குள் கொண்டுவர, கட்டங்களைக் கத்தரித்துப் புதிதாக ஒட்டி அடுக்குவார்கள். குறுக்கே நீண்ட கட்டம் நெட்டுப் பக்கத்தில் அடங்காவிட்டால் ஓரம் வெட்டுப்படும். இடம் மிச்சமானால் உள்ளூர் ஓவியர் மேலே கொஞ்சம் வானத்தையோ கீழே கொஞ்சம் தரையையோ வரைந்து நிரப்புவார். ஆங்கிலத்தைவிடத் தமிழ் வசனம் நீளம். குமிழியைப் பெரிதாக்கினால் ஒரு ஆளின் தோள் மறைந்துபோகும். இப்படி உருவான பக்கம் உலகத்தில் வேறெந்தப் பதிப்பிலும் கிடையாது. அசல் ஆங்கிலப் பக்கத்தை வைத்துப் பின்னால் வரும் மறுபதிப்பில் அந்த உள்ளூர்க் கைவேலை இருக்காது. வசனமும் திருத்தப்பட்டிருக்கும்.

சில மறுபதிப்புகளுக்கு அசல் பிலிம் கிடைப்பதில்லை. பழைய அச்சு இதழையே ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடுவார்கள். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்றை நிழல்பகுதியின் மேல் வையுங்கள். முதல் அச்சில் தனித்தனியாகத் தெரியும் மெல்லிய குறுக்குக் கோடுகள் மறுபதிப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாக இருக்கும். பிளாஸ்கோ போன்ற நுணுக்கக்காரர்களின் படத்தில் முகத்தின் பாவமே மாறிவிடும். பளபளக்கும் தாள்தான் நல்ல பதிப்பு என்று நினைப்பவர்களிடம் நாங்கள் சண்டை போடுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

“புதியது இருந்தால் பழையது வேண்டாம்” என்ற விதி எப்படிச் சறுக்கும் என்பதற்கு இரண்டு மேற்கத்தியக் கௌபாய்கள் போதும். நம் கேப்டன் டைகர், பிரெஞ்சு மொழியில் ப்ளூபெர்ரி. 1963-ல் ‘பிலோட்’ இதழில் ஷார்லியே எழுத ழான் ஜிரோ வரைந்தது. வண்ணத்தில் பெரிய ஆல்பமாக வெளிவந்த தொடர் அது. அதைச் சிறிய அளவில் கறுப்பு வெள்ளையில் போட்டால் மாலை வெளிச்சமும் பாலைவனத் தூசியும் சாம்பல் சேறாகிவிடும். ஆகவே டைகரைப் பொறுத்தவரை, பெரிய அளவில் வரும் வண்ணப் பதிப்பே ஓவியருக்கு நியாயம் செய்வது. அதை வாங்கி வைக்கத்தான் வேண்டும். டெக்ஸ் வில்லர் நேர்மாறு. ஜியான் லூய்ஜி பொனெல்லி எழுத, அவுரேலியோ கல்லெப்பினி வரைந்து 1948 செப்டம்பரில் இத்தாலியில் பிறந்தவர். முதலில் சிறிய பட்டை வடிவ இதழ்களிலும், பிறகு இன்று பொனெல்லி அளவு என்றே பெயர் பெற்றுவிட்ட 16 × 21 செ.மீ. பக்கத்திலும், கறுப்பு வெள்ளைக்கென்றே மை தீட்டப்பட்டவர். அவருக்குப் பின்னால் பூசிய வண்ணம் கூடுதல் சட்டை மாதிரி. அழகாக இருக்கலாம், உடம்பு அதுவல்ல. உங்கள் விதிப்படி டெக்ஸின் கறுப்பு வெள்ளை இதழைக் கழித்துவிட்டு வண்ணப் பதிப்பை மட்டும் வைத்தால், அசலுக்கு அருகில் இருப்பதை எறிந்துவிட்டு விலகி இருப்பதை வைத்திருப்பீர்கள். எதை வைப்பது என்பதைத் தலைப்புக்குத் தலைப்பு பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். பதிப்பு ஆண்டு அதற்கு அளவுகோல் ஆகாது.

கதையைத் தாண்டியும் ஒரு பழைய இதழில் நிறைய இருக்கிறது. ஆசிரியர் எழுதும் ‘ஹாட்லைன்’ பகுதி, வாசகர் கடிதம், ‘அடுத்த வெளியீடு’ விளம்பரம், சந்தாக் கூப்பன், இடம் நிரப்பப் போட்ட துணுக்கு. மறுபதிப்பில் இவை பெரும்பாலும் காணாமல் போகும். 1984-ல் லயன் காமிக்ஸ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு தொடங்கியபோது தமிழ் வாசகர் எதை விரும்பினார், எதைத் திட்டினார் என்று அறிய வேறு ஆவணம் நம்மிடம் ஏது?

சிங்கப்பூருக்கே உரிய தடயங்களும் அந்தப் பெட்டிகளில் உள்ளன. சிராங்கூன் சாலைக் கடை முத்திரைகள், அட்டையின் மூலையில் பென்சிலால் எழுதிய வெள்ளி (டாலர்) விலை, வாடகைக்குப் புத்தகம் கொடுத்தவர்கள் பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டு. நடுவில் நெடுக்கு மடிப்புக் கோடு விழுந்த இதழ்கள், தாளில் சுருட்டித் தபாலில் வந்த சந்தாப் பிரதிகளாக இருக்கவேண்டும். சேகரிப்பாளர் சந்தையில் இவையெல்லாம் குறை; விலை குறையும். நூலகத்துக்கோ இவைதான் சொத்து. தயவுசெய்து அழி ரப்பரைக் கையில் எடுத்துவிடாதீர்கள்.

இனி பைண்டிங். பத்து இதழைச் சேர்த்து ஓரத் தையல் போட்டால் உள்விளிம்பில் ஏறத்தாழ 1 செ.மீ. தையலுக்குள் போய்விடும். பாக்கெட் அளவு இதழில் உள்விளிம்பு பெரும்பாலும் அவ்வளவுகூடக் கிடையாது. கட்டத்தின் ஓரமும் வசனத்தின் முதல் எழுத்துகளும் மடிப்புக்குள் விழுங்கப்படும். அடுத்து மூன்று பக்கமும் வெட்டு இயந்திரத்தில் மட்டம் தட்டுவார்கள். பக்க எண்ணும் படத்தின் நுனியும் குப்பைக்குப் போகும். சிலர் தடிமனைக் குறைக்க அட்டைகளையே கிழித்துவிடுவார்கள். இதில் எதையும் திரும்ப எடுக்க முடியாது. லேமினேஷனும் அப்படித்தான். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக், அட்டைத் தாளோடு ஒன்றிவிடும். தாளும் பிளாஸ்டிக்கும் ஈரத்துக்கு வெவ்வேறு அளவில் விரிவதால் அட்டை சுருளத் தொடங்கும். பைண்டு செய்தால் பாதுகாப்பு என்று எண்ணும் அன்பர்கள், அப்படிப் பைண்டு செய்த பழைய தொகுப்பு ஒன்றை முழுதாக விரித்துப் படிக்க முயன்று பார்க்கட்டும்.

பூஞ்சை, பூச்சி பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் 11 பெட்டியும் அந்த நிலையில் இல்லை. காய்ந்த பெட்டியும் நனைந்த பெட்டியும் அருகருகே இருக்கின்றன. இப்படியே விட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். மட்டமான நியூஸ்பிரிண்டில் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகி, அமிலம் ஊறி, தாள் ஓரத்திலிருந்து உதிரும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். பகலில் குளிர்சாதனம் ஓடி இரவில் அணைக்கப்படும் அறை இன்னும் மோசம். குளிர்ந்த தாளின் மேல் இரவின் ஈரக்காற்று படிந்து, தினமும் ஒருமுறை வியர்த்துக் காயும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து வேண்டாம். உங்கள் பெட்டிகள் குளிர்சாதனக் குழாய்க்கு நேர் கீழே, தரையோடு தரையாக, வெளிச்சுவரை ஒட்டி இருக்கின்றன. முதல் வேலையாக அவற்றை அங்கிருந்து எடுத்து, தரையிலிருந்து குறைந்தது 10 செ.மீ. உயரத்தில், உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். காசே ஆகாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு பாம் ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில், அடுக்கி வைத்துவிடலாம் என்று உறுப்பினர் ஒருவர் யோசனை சொன்னதாகக் கேள்வி. கதவைச் சாத்தினால் காற்றோட்டம் குறைந்த அறை அது. வேண்டவே வேண்டாம்.

பிறகு பிரித்தெடுப்பது. தொட்டால் பொடி எழும் பூஞ்சை உள்ளவை தனி. வெள்ளிப்பூச்சி அரித்தவை, பக்கங்களுக்கிடையே தூசிபோல் நகரும் புத்தகப் பேன்கள் உள்ளவை தனி. மீதி தனி. பூச்சி உள்ளவற்றைத் தடித்த பாலிதீன் பையில் போட்டு, காற்றை முடிந்தவரை வெளியேற்றி, வாயை ஒட்டி, உறைபெட்டியில் வைக்கவேண்டும். மைனஸ் 20 டிகிரி என்றால் ஒரு வாரம். மைனஸ் 18-ல் நிற்கும் வீட்டு உறைபெட்டி என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் ஆவலில் பையைத் திறந்துவிடக்கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளின் மேல் நீர் கோர்க்கும். பையோடு ஒருநாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரட்டும். பூஞ்சை உள்ளவற்றை முதலில் உலர்த்தவேண்டும், நிழலில், மின்விசிறிக் காற்று நேராக அடிக்காமல். நன்கு உலர்ந்த பூஞ்சைதான் மென்தூரிகைக்குப் பிரிந்து வரும்; ஈரத்தோடு துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து கறையாகத் தங்கிவிடும். என்95 முகக்கவசம், கையுறை, கட்டடத்துக்கு வெளியே மேசை. அந்துருண்டை போடாதீர்கள், வாடை தாளில் ஊறும், அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் நல்லதல்ல. பூச்சிமருந்துத் தெளிப்பான் பக்கமே போகவேண்டாம்.

கம்பி ஊசி என்று ஒரு எதிரி இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் ஸ்டேப்பிள் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளைப் பழுப்பாக்கி, கடைசியில் நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். வெளிப்பக்கமிருந்து இழுத்தால் அட்டை கிழியும். இதழை நடுப்பக்கத்தில் விரித்து, கம்பியின் இரண்டு கால்களையும் மழுங்கிய மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு, அதன் பிறகே முதுகுப்பக்கமிருந்து மெல்லத் தள்ளவேண்டும். துளைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அதே துளைகள் வழியே வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடலாம். அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் செருகலாம். புதிதாகக் குத்தக்கூடாது. பழகிய கைக்கு ஓர் இதழுக்குப் பத்து நிமிடம்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள், சென்ற ஆண்டு தொண்டூழியர்கள் என்று நினைக்கிறோம். நல்லெண்ணத்தில் செய்ததுதான், சந்தேகமில்லை. சில ஆண்டுகளில் அந்தப் பசை மஞ்சளாகித் தாளின் மறுபக்கம் வரை ஊறும். டேப் மட்டும் உரிந்து விழும், கறை நிற்கும். இனி ஒட்டவேண்டியது மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும். ஒட்டிய டேப்பை நீங்களாக உரிக்க முயலவேண்டாம்.

உறை போடுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை: பிவிசி உறை வேண்டாம். நாளாவட்டத்தில் ஒட்டும், அமிலம் கசியும், அட்டையின் மையைப் பெயர்த்துத் தன்மேல் எடுத்துக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் உறை, உள்ளே அமிலமில்லாத அட்டை ஒன்று. இரண்டும் சேர்த்து ஓர் இதழுக்கு ஒரு வெள்ளியைத் தொடாது. ஈர இதழை உறையில் போட்டு மூடினால் நீங்களே பூஞ்சை வளர்த்த மாதிரி, ஆகவே உலர்த்திய பிறகே உறை. அரிய இதழ்களுக்கு, புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் உலர்பெட்டி சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. 50 விழுக்காட்டில் நிறுத்தி வையுங்கள். 40-க்குக் கீழே போனால் பழைய தாள் மொறுமொறுவென்று ஆகும். உறையும் அட்டையுமாக ஒரு பாக்கெட் இதழ் ஏறக்குறைய 6 மி.மீ. தடிமன். 60 செ.மீ. நீளத் தட்டில் 90-க்கும் மேல் நிற்கும். இடமில்லை என்ற பேச்சை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

பட்டியலுக்கு வருவோம். ஐஎஸ்பிஎன் தனி நூல்களுக்கானது. இவை பருவ இதழ்கள்; முத்து, லயன், திகில், மினி லயன், ராணி என்று ஒவ்வொரு வரிசையிலும் இதழ்களுக்கு வெளியீட்டு எண் உண்டு. வரிசைப் பெயர், வெளியீட்டு எண், தலைப்பு, அட்டை விலை: இந்த நான்கும் போதும். ஆண்டு அச்சிடாத இதழானால் விலையையும் ‘அடுத்த வெளியீடு’ அறிவிப்பையும் முன்பின் இதழ்களோடு ஒப்பிட்டு நிர்ணயிக்கலாம். ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்க்கச் சொல்வோம்: மூலத்தொடர், ஓவியர். ரிப்போர்ட்டர் ஜானியைத் தேடுபவருக்கு அவர்தான் டிபே வரைந்த ரிக் ஓஷே என்று தெரியவேண்டும். சிக் பில்லையும் அதே டிபேதான் வரைந்தார் என்பது அப்போதுதான் புலப்படும். பழைய பிரிட்டிஷ் வார இதழ்களில் ஓவியர் பெயரே போடமாட்டார்கள். ஸ்பைடரை வரைந்த ரெஜ் பன்னுடைய பெயரை அந்தக் கதையைக் கொண்டாடிய தமிழர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? நூலகம் எழுதி வைத்தால்தான் உண்டு.

எல்லாவற்றையும் சிறுவர் பகுதியில் வைப்பதும் தவறு. ‘இரத்தப் படலம்’ நினைவிழந்த ஒருவனைச் சுற்றிய அரசியல் கொலைச் சதி. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்தது. மாடஸ்டி பிளைசி நாளிதழ் படிக்கும் பெரியவர்களுக்காக வந்த தொடர். படம் இருந்தால் குழந்தைக்கு என்று பிரித்து வைத்துவிட்டு, பிறகு பெற்றோர் புகார் செய்தார்கள் என்று தூக்கி எறிவது எங்கும் நடக்கிற கதை.

கழித்துவிட்டு வேண்டுமானால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ல் மூடப்பட்டது. பிராஸ் பசாவின் பழைய புத்தகக் கடைகளில் தமிழ் இதழ் தட்டுப்படுவது அபூர்வம். இந்தியாவிலிருந்து தருவித்தால், இதழின் விலையைத் தபால் செலவு தாண்டிவிடும். விற்பவர் காட்டும் படத்தில் புதிதாகத் தெரிந்தது கைக்கு வரும்போது நடுப்பக்கம் இல்லாமல் வரும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

மாத இறுதியில் கழிப்பதை நிறுத்திவையுங்கள். ஆறு மாத அவகாசம் கேட்கிறோம். இன்றே, இந்த மடலைப் படித்து முடித்த கையோடு, பெட்டிகளைக் குழாய்க்கு அடியிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள். பைண்டிங்குக்கும் லேமினேஷனுக்கும் கொடுத்த ஆணையை ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே கடைக்குப் போன கட்டு எதுவும் இருந்தால் வெட்டுவதற்கு முன் திரும்பப் பெறுங்கள்.

பிரித்தெடுக்கவும் கம்பி மாற்றவும் உறை போடவும் சனிக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் வருகிறோம். கையுறை, தூரிகை, நூல் எங்களுடையது; இரண்டு நீள மேசையும் ஒரு பூட்டும் அலமாரியும் உங்களுடையது. உறைக்கும் அட்டைக்கும் ஆகும் செலவில் பாதியை ஏற்கிறோம். ஐந்து பத்திப் பட்டியலையும் நாங்களே தட்டச்சு செய்து தருகிறோம். சரிபார்க்க உங்கள் நூலகர் ஒருவரை நியமியுங்கள்.

உதிரும் நிலையில் உள்ளவற்றுக்கு மட்டும் பாதுகாப்புப் படி எடுக்க அனுமதி கேட்கிறோம். அங்குலத்துக்கு 600 புள்ளி (டிபிஐ), தரம் குறையாத டிஃப் படக் கோப்பு, பழுப்பை வெளுக்காமல். பசை போட்ட தடித்த சிறப்பிதழ்களைத் தட்டை ஸ்கேனரில் அமுக்கினால் முதுகு வெடிக்கும். அவற்றை வி வடிவத் தாங்கியில் வைத்து மேலிருந்து படமெடுக்கவேண்டும். இந்தக் கதைகளுக்குக் காப்புரிமை உண்டு. 2021-ன் காப்புரிமைச் சட்டம் நூலகங்களுக்குப் பாதுகாப்புப் படி எடுக்க வழி வைத்திருக்கிறது; அதன் நிபந்தனைகளை உங்கள் சட்ட ஆலோசகர் பார்த்துச் சொல்லட்டும். படிகள் நூலகக் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது என்பதில் எங்களுக்கும் உடன்பாடே.

இத்தனைக்குப் பிறகும் ஓர் இதழைக் கழிக்கவேண்டும் என்று குழு முடிவு செய்தால், அதன் பட்டியலை 30 நாள் முன்னதாக ஒட்டுங்கள். முதலில் கொடுத்தவர் குடும்பத்துக்கும், அடுத்து வேறு நூலகங்களுக்கும், அதன் பிறகு சேகரிப்பாளர்களுக்கும் கேட்கும் வாய்ப்புக் கொடுங்கள். யாரும் கேட்காதது மட்டும் காராங்குனிக்குப் போகட்டும்.

எழுத்து வடிவில் பதிலை, கழிக்கக் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பாக எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்த் தமிழ்ச் சித்திரக்கதைச் சேகரிப்பாளர்கள் சிலர்